தலைகீழ் இணைப்பைத் தாங்கிய சர்க்யூட் 17 வோல்ட்டை ஏன் உள்ளே விட்டது?

மேசைக்கு வந்தது ஒரு 12 வோல்ட் கட்டுப்பாட்டு போர்டு. அதிலிருந்த 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று தலை உப்பி நின்றது. பக்கத்தில் இருந்த ரெகுலேட்டரைச் சுற்றி போர்டு லேசாகப் பழுப்பேறியிருந்தது. சார்ஜர் கெட்டு 17 வோல்ட்டுக்கு மேல் கொடுத்திருக்கிறது, அதுவரை விஷயம் எளிது. எனக்கு உறுத்தியது வேறு. அந்த போர்டுக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருந்தது. பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுத்தால் மின்சாரத்தை உள்ளே விடக் கூடாது, 15.6 வோல்ட்டைத் தாண்டினால் துண்டிக்க வேண்டும், இரண்டுதான் அதன் வேலை. அதை வரைந்ததும் நான்தான், கட்டியதும் நான்தான், சோதித்து அனுப்பியதும் நான்தான். அனுப்பும்போது 15.6-ல் சரியாகத் துண்டித்தது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கொண்டுவந்தவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "நடுவுல ஒரு தடவை ஒயரை மாத்திக் கொடுத்துட்டோம் சார். ரெண்டு நாள் அப்படியே கிடந்துச்சு. சரியா மாத்திக் குடுத்ததும் ஓட ஆரம்பிச்சிருச்சு, ஒண்ணும் ஆகலை." பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். பிற்பாடு இரண்டு மாலை நேரங்களைத் தின்ற கேள்விக்கு விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது.

சர்க்யூட் இதுதான்

படம் இல்லாமலே சொல்லிவிடலாம், அவ்வளவு சின்னது. பாசிட்டிவ் வழியில் வரிசையாக இரண்டு பி-சேனல் மாஸ்ஃபெட், இரண்டுமே ஐஆர்எஃப்9540என். மாஸ்ஃபெட் என்பது ஒரு மின்சுவிட்ச்: சோர்ஸ், டிரெயின் என்ற இரு கால்களுக்கிடையே மின்சாரம் ஓடும், கேட் என்ற மூன்றாவது காலின் வோல்டேஜ் அதைத் திறந்து மூடும். பேட்டரியை ஒட்டி முதலில் நிற்பதை வோல்டேஜ் மாஸ்ஃபெட் என்றும், அதற்கு அடுத்து, முனை மாறினால் தடுப்பதைப் போலாரிட்டி மாஸ்ஃபெட் என்றும் வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் பேட்டரியில், டிரெயின் நடுவில். போலாரிட்டி மாஸ்ஃபெட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: டிரெயின் நடுவில், சோர்ஸ் லோடு பக்கம், அதாவது மின்சாரத்தை வாங்கும் போர்டின் பக்கம். இரண்டின் கேட்டும் தனித்தனி 10 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்குப் போகின்றன. கேட், சோர்ஸைவிட ஐந்தாறு வோல்ட் கீழே இருந்தாலே இந்த வகை நன்றாக ஆன் ஆகிவிடும். 12 வோல்ட்டில் இரண்டும் தாராளமாக ஆன்.

துண்டிக்கும் மூளை ஒரு பிசி557 டிரான்சிஸ்டர். பிஎன்பி வகை: பேஸ் என்ற காலிலிருந்து சின்ன மின்னோட்டம் வெளியேறினால், எமிட்டரிலிருந்து கலெக்டருக்குப் பல மடங்கு பெரிய மின்னோட்டம் ஓடும். எமிட்டர் நேராக பேட்டரி பாசிட்டிவில், கலெக்டர் வோல்டேஜ் மாஸ்ஃபெட்டின் கேட்டில். பேஸிலிருந்து ஒரு 100 கிலோ ஓம், அதன் மறுமுனையில் 15 வோல்ட் ஜீனர் (1என்4744ஏ, குறித்த வோல்டேஜைத் தாண்டினால்தான் எதிர்த்திசையில் கடத்தும் டையோடு), ஜீனரின் அடுத்த கால் கிரவுண்டில். வோல்டேஜ் 15 சொச்சத்தைத் தாண்டியதும் ஜீனர் கடத்தும், டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து மின்னோட்டம் கிளம்பும், டிரான்சிஸ்டர் ஆன் ஆகி கேட்டை சோர்ஸோடு சேர்த்துப் பிடிக்கும், மாஸ்ஃபெட் ஆஃப். இந்த அமைப்பைப் பலரும் பல விதமாகப் போடுகிறார்கள், நான் போட்டது என் விதம்.

துண்டிக்கும் பகுதியை முன்னால் வைத்ததற்கு அப்போது ஒரு நியாயம் இருந்தது. அதிக வோல்டேஜ் வந்தால் வாசலிலேயே நின்றுவிடும், பின்னால் இருக்கும் போலாரிட்டி மாஸ்ஃபெட்டுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அதன் கேட்டைக் காக்க தனி ஜீனர் வேண்டாம். ஒரு பாகம் மிச்சம் என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

முதல் மாலை: தப்பான மூன்று கதவுகள்

பவர் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் வைத்து, லோடுக்கு பதில் 22 ஓம் 25 வாட் ரெசிஸ்டரைக் கட்டி, 12-லிருந்து மெதுவாக ஏற்றினேன். 15.6 வந்தது, ஒன்றும் ஆகவில்லை. 16, 16.5, 17. வெளியே அப்படியே வருகிறது. 17.3-ல் வெளி வோல்டேஜ் சரியத் தொடங்கி 9 வோல்ட்டில் தொங்கியது. 17.4-ல் முழுதாகப் போனது. அந்த 17.3-ல் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மாஸ்ஃபெட்டைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை. கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை. மாஸ்ஃபெட்டின் குறுக்கே 8.3 வோல்ட், ஓடுவது 0.41 ஆம்பியர், கிட்டத்தட்ட 3.4 வாட். ஹீட் சிங்க் இல்லாத அந்த அளவு உடலுக்கு ஒரு வாட்டுக்கு 60 டிகிரி வாக்கில் சூடு ஏறும். இன்னும் சில நிமிடம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆக, சர்க்யூட் செத்துப்போகவில்லை, துண்டிக்கவே செய்கிறது. 1.8 வோல்ட் தாமதமாக, அதுவும் தயங்கித் தயங்கி. முழுதாகச் செத்த சர்க்யூட்டைவிட இந்த மாதிரி அரைகுறை நோய்தான் ஆளைச் சுற்றவிடும்.

முதலில் அளவுகோலைச் சந்தேகப்பட்டேன். வேறொரு மீட்டர் வைத்துப் பார்த்தேன், இரண்டும் 0.05 வோல்ட்டுக்குள் ஒத்துப்போயின. அந்தக் கதவு சாத்தியாயிற்று.

அடுத்து வெப்பம். 15 வோல்ட் ஜீனரின் வோல்டேஜ் சூட்டோடு ஏறும், டிகிரிக்குச் சுமார் 12 மில்லி வோல்ட். டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் 2 மில்லி வோல்ட் இறங்கும். கூட்டிக் கழித்தால் டிகிரிக்கு 10 மில்லி வோல்ட். 1.8 வோல்ட் நகர 180 டிகிரி சூடேற வேண்டும். மேசைமேல் சும்மா கிடக்கும் சர்க்யூட்டுக்கு அது நடக்காது. இந்த மாதிரி இடங்களில் உதிரி பாகத்தைக் கழற்றுவதற்கு முன் பேனாவை எடுப்பது நல்லது.

மூன்றாவது ஜீனர். எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான், நானும் வைத்தேன். கழற்றி 25 வோல்ட்டில் தனியாகச் சோதித்தேன். 10 கிலோ ஓம் வழியாக 1 மில்லி ஆம்பியர் விட்டால் 14.9 வோல்ட். 1 மெகா ஓம் வழியாக 10 மைக்ரோ ஆம்பியர் வாக்கில் விட்டால் 14.6. இந்த ஜீனரின் 15 வோல்ட் என்பது 17 மில்லி ஆம்பியரில் அளந்து சொல்லப்படும் எண். மைக்ரோ ஆம்பியர்களில் கொஞ்சம் குறைவாக நிற்பது இயல்பு. ஜீனரில் குற்றமில்லை. அதைக் கழற்றிய கையோடு, கைவசம் இருந்த புதிய ஒன்றைப் போட்டும் பார்த்தேன். 17.4. அசையவில்லை.

ரெசிஸ்டர்கள்? கேட்டின் 10 கிலோ ஓம் 9.96 காட்டியது. பேஸின் 100 கிலோ ஓம் 100.3. மதிப்பு பெரிதாக இருக்கும் ரெசிஸ்டர்கள் நாளாவட்டத்தில் எகிறுவதைப் பார்த்திருக்கிறேன், இது எகிறவில்லை.

நடுவில் ஒரு முட்டாள்தனம்

மிச்சம் இருப்பது டிரான்சிஸ்டர்தானே, மாற்றிவிடலாம் என்று கழற்றினேன். கைக்கு எட்டியது ஒரு 2என்3906. அதுவும் பிஎன்பி, அதுவும் அதே மாதிரி சின்னக் கறுப்புத் தொப்பி. தட்டையான பக்கம் அதே திசையில் இருக்கும்படி செருகி சால்டர் வைத்தேன். 17.4 தாண்டியது, 20 தாண்டியது, 22-லும் துண்டிக்கவில்லை. பயந்து சப்ளையை இறக்கினேன்.

பிசி557-ஐத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3906-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். தெரிந்த விஷயம்தான், கை அவசரம். இப்படித் தலைமாறி நின்றால் டிரான்சிஸ்டருக்குப் பெருக்கும் சக்தி ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். அதைவிட வேடிக்கை, 12 வோல்ட்டிலேயே கேட் 0-வில் இல்லை, 3.3 வோல்ட்டில் நின்றது. 22 வோல்ட்டில் பார்த்தபோது 13.3. எப்போதும் சப்ளையைவிட 8.7 வோல்ட் கீழே.

அந்த 8.7 எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். கலெக்டர்-பேஸ் இணைப்பு நேராகக் கடத்துவதால் 0.7. மிச்சம் 8 வோல்ட்? பேஸ்-எமிட்டர் இணைப்பு எதிர்த்திசையில் முறிந்து, ஒரு ஜீனர் போல நடந்துகொள்கிறது. இந்தச் சின்ன டிரான்சிஸ்டர்களுக்குத் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் (டேட்டாஷீட்) எமிட்டர்-பேஸ் எதிர்வோல்டேஜ் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். 45 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்ற பெரிய எண்களைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போவதே வழக்கம். உண்மையில் ஏழு, எட்டு வோல்ட் வாக்கில் முறியும். முட்டாள்தனம் ஒரு எண்ணைக் கையில் கொடுத்தது, ஆனால் அதை எங்கே பொருத்துவது என்று அன்றைக்குத் தெரியவில்லை. 2என்3906-ஐக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய பிசி557-ஐயே திரும்ப வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு நன்றி, நேராகப் புது பிசி557-ஐப் போட்டிருந்தால் சர்க்யூட் சரியாகியிருக்கும், காரணம் கடைசிவரை தெரிந்திருக்காது.

மீட்டரின் ஊசி சொன்னது

மறுநாள் பேஸில் என்ன வோல்டேஜ் இருக்கிறது என்று பார்க்க மீட்டரின் கறுப்பு ஊசியை கிரவுண்டிலும் சிவப்பு ஊசியை பேஸிலும் வைத்துக்கொண்டு சப்ளையை ஏற்றினேன். 17.4-க்குப் பதில் 17.2-லேயே துண்டித்தது. ஊசியை எடுத்தால் 17.4. வைத்தால் 17.2. நாலைந்து முறை செய்து பார்த்தேன், பிசகவே இல்லை.

மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். பேஸில் 16 சொச்சம் வோல்ட் இருக்கும்போது மீட்டர் குடிப்பது 1.6 மைக்ரோ ஆம்பியர். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள், அந்தப் பொரி அளவு மின்னோட்டத்துக்கே சர்க்யூட் 0.16 வோல்ட் நகர்கிறது. அப்படியானால் அந்த டிரான்சிஸ்டர் பேஸ் மின்னோட்டத்துக்காக ஏங்கிக் கிடக்கிறது. நல்ல டிரான்சிஸ்டர் இந்த வேலைக்கு எவ்வளவு கேட்க வேண்டும்? மாஸ்ஃபெட்டை ஆஃப் செய்ய, சோர்ஸுக்கும் கேட்டுக்கும் இடைவெளி 3 வோல்ட் ஆகும்வரை கேட்டை மேலே இழுக்க வேண்டும். 15.6 வோல்ட்டில் அப்படி இழுத்தால் 10 கிலோ ஓமில் ஓடுவது 1.26 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டரின் பெருக்கம், அதாவது பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்பது, 300 என்றால் பேஸுக்கு 4.2 மைக்ரோ ஆம்பியர் போதும். 100 கிலோ ஓமில் அது 0.42 வோல்ட். ஜீனர் 14.6, பேஸ்-எமிட்டர் 0.62, ரெசிஸ்டர் 0.42, கூட்டினால் 15.64. என் நோட்டில் இருந்த எண் அப்படியே வந்துவிட்டது.

இப்போது பழுதான சர்க்யூட்டில் ஊசிகளை பேஸில் வைக்காமல், 100 கிலோ ஓமின் இரு முனைகளிலும் வைத்தேன். அங்கே மீட்டரின் தொந்தரவு ஒரு சதவீதம்தான். துண்டிக்கும் நேரத்தில் 2.2 வோல்ட். அதாவது 22 மைக்ரோ ஆம்பியர். கேட்டின் 10 கிலோ ஓமில் 14.4 வோல்ட், அதாவது 1.44 மில்லி ஆம்பியர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 65. பிசி557பி-க்கு 200-லிருந்து 450 வரை இருக்க வேண்டிய பெருக்கம் 65-க்கு வந்திருக்கிறது. தாமதமாக வந்த 1.8 வோல்ட் முழுவதும் அந்த ஒரு ரெசிஸ்டரின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

டிரான்சிஸ்டரைக் கழற்றி, பெருக்கத்தை அளக்க மீட்டரில் இருக்கும் எச்எஃப்ஈ துளையில் செருகினேன். 38. அதே பட்டையில் மிச்சம் இருந்த புதிய பிசி557-கள் 290-ஐ ஒட்டிக் காட்டின. இந்த மீட்டர்கள் சோதிக்கும்போது பேஸுக்குக் கொடுப்பது 10 மைக்ரோ ஆம்பியர் அளவுதான். அப்புறம் பிரெட்போர்டில் வைத்து பேஸுக்கு 150 மைக்ரோ ஆம்பியர் விட்டுப் பார்த்தேன், பெருக்கம் 160-க்கு மேல் ஏறியது. சர்க்யூட்டில் 22 மைக்ரோவில் 65, மீட்டரில் 10 மைக்ரோவில் 38. மின்னோட்டம் குறையக் குறைய மோசமாகும் நோய். சூட்டில் வெந்துபோன டிரான்சிஸ்டர் இப்படி நடந்துகொள்ளாது, அது பெரும்பாலும் ஷார்ட் ஆகும், இல்லை ஓப்பன் ஆகும். இது பேஸ்-எமிட்டர் இணைப்பு எதிர்த்திசையில் முறிந்து அடிவாங்கியதன் அடையாளம். முறியும்போது வேகமெடுக்கும் எலெக்ட்ரான்கள் இணைப்பின் விளிம்பில் மேலே மூடியிருக்கும் ஆக்ஸைடையும் அதன் எல்லையையும் காயப்படுத்துகின்றன. அதன்பின் பேஸ் மின்னோட்டத்தில் ஒரு பங்கு பெருக்கத்துக்கு உதவாமல் அந்த விளிம்பிலேயே வீணாகிறது. வீணாகும் பங்கு சின்ன மின்னோட்டத்தில் பெரிதாகத் தெரியும், பெரிய மின்னோட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடும்.

முந்தின நாள் கிடைத்த 8 வோல்ட்டுக்கும், "ரெண்டு நாள் அப்படியே கிடந்துச்சு"-வுக்கும் இப்போது இடம் கிடைத்தது.

இரண்டு நாளில் நடந்தது

முனைகள் மாறினால் டிரான்சிஸ்டரின் எமிட்டர் மைனஸ் 12 வோல்ட்டில் நிற்கும். கலெக்டர் 10 கிலோ ஓம் வழியாக 0 வோல்ட் கிரவுண்டைப் பிடித்திருக்கிறது. கலெக்டர்-பேஸ் இணைப்புக்கு அது நேர்த்திசை, கடத்தும். பேஸ்-எமிட்டர் இணைப்புக்கு எதிர்த்திசை, 8 வோல்ட்டில் முறியும். 12-லிருந்து 8.7 போக மிச்சம் 3.3 வோல்ட், 10 கிலோ ஓமில் 0.33 மில்லி ஆம்பியர். இன்னொரு சிறு பங்கு ஜீனரையும் 100 கிலோ ஓமையும் சுற்றிக்கொண்டு வரும், 0.03. மொத்தத்தில் 0.36 மில்லி ஆம்பியர், 8 வோல்ட், சுமார் 3 மில்லி வாட். சூடேறாது, வாசம் வராது, கறுக்காது. லோடு பக்கம் போலாரிட்டி மாஸ்ஃபெட் கச்சிதமாகத் தடுத்து நின்றது, வெளியே 0 வோல்ட். லோடுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வந்தவர் சொன்னது முழு உண்மை. அந்த நாற்பத்தெட்டு மணி நேரமும் வாசலில் நின்ற காவல்காரனுக்கு மட்டும் ஊமை அடி விழுந்துகொண்டிருந்தது.

நான் சோதித்தபோது ஏன் தெரியவில்லை? முனைகளை மாற்றி ஐந்து வினாடி பிடித்தேன், வெளியே ஒன்றும் வரவில்லை, டிக் போட்டேன். ஐந்து வினாடியில் விழும் காயம் தெரிகிற அளவு இராது. அதோடு நான் அதிக வோல்டேஜ் சோதனையை முதலில் முடித்துவிட்டு, போலாரிட்டி சோதனையைக் கடைசியில் செய்திருந்தேன். அதற்குப் பிறகு 15.6-ஐத் திரும்ப யாரும் கேட்கவில்லை.

ஊகம் சரிதானா என்று பார்க்க, 292 காட்டிய ஒரு புதிய பிசி557-ன் பேஸ்-எமிட்டரை எதிர்த்திசையில் முறிய வைத்து 3 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஆறவிட்டு மீட்டரில் செருகினால் 74. பக்கத்தில் இன்னொன்றுக்கு அதே 3 மில்லி ஆம்பியரை நேர்த்திசையில் அதே நேரம் ஓட்டியிருந்தேன், அது 290-லிருந்து அசையவில்லை. இந்தக் காயம் நல்ல சூட்டில் ஓரளவு ஆறவும் செய்யும். அதனால் இப்படிச் சந்தேகம் வந்தால் சால்டர் இரும்பை எடுக்கும் முன் சர்க்யூட்டிலேயே வைத்து அளந்துவிடுங்கள், சாட்சி அழியாமல் இருக்கும்.

குற்றம் யாருடையது

டிரான்சிஸ்டர் காயப்பட்டது ஒரு தவறு. ஆனால் காயம் பட்டதும் 1.8 வோல்ட் நகரும்படி சர்க்யூட் இருந்தது அதைவிடப் பெரிய தவறு, அது முழுக்க என்னுடையது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் என்பது ஒரே பட்டையில் இருக்கும் இரண்டுக்கே ஒத்துப்போகாத எண். 200-க்கும் 450-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதை நம்பித் துண்டிக்கும் வோல்டேஜை நிர்ணயித்திருக்கக் கூடாது. 100 கிலோ ஓம் போட்டது மின்னோட்டத்தை மிச்சம் பிடிக்க. ஆனால் 12 வோல்ட்டில் ஜீனர் கடத்துவதே இல்லையே, எதை மிச்சம் பிடித்தேன்?

பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் ரெசிஸ்டர் வைக்காததும் அதே ரகம். 1என்4744ஏ 11.4 வோல்ட்டிலேயே 5 மைக்ரோ ஆம்பியர் வரை கசியலாம் என்று டேட்டாஷீட் அனுமதிக்கிறது. என் சர்க்யூட் துண்டிக்கவே 4.2 போதும். கசிவு கொஞ்சம் கூடுதலான ஜீனர் ஒன்று மாட்டியிருந்தால் 12 வோல்ட்டிலேயே லோடைத் துண்டித்திருக்கும், அந்தப் பக்கம் என் அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கிறது.

திருத்தம்

பேஸ் ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓம் ஆக்கினேன். பேஸ்-எமிட்டருக்கு இடையில் 10 கிலோ ஓம் வைத்தேன். இப்போது துண்டிக்கும் நேரத்தில் அந்த 10 கிலோ ஓம் மட்டுமே 62 மைக்ரோ ஆம்பியர் கேட்கும், டிரான்சிஸ்டர் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 66 மைக்ரோ ஆம்பியர் 4.7 கிலோ ஓமில் 0.31 வோல்ட். ஜீனர் இந்த மின்னோட்டத்தில் 14.7. கூட்டினால் மறுபடியும் 15.6. அளந்ததும் அதுவே. பிறகு வேண்டுமென்றே அந்தக் காயம்பட்ட பழைய டிரான்சிஸ்டரை எடுத்து இதில் மாட்டினேன். 15.7. வெறும் 0.1 வோல்ட் நகர்ந்தது. இந்த ஒரு அளவைப் பார்த்தபோதுதான் மனசு ஆறியது.

வரிசையையும் மாற்றினேன். போலாரிட்டி மாஸ்ஃபெட் முன்னால், டிரெயின் பேட்டரியில். அதன் சோர்ஸிலிருந்து வோல்டேஜ் மாஸ்ஃபெட். டிரான்சிஸ்டரின் எமிட்டர் இரண்டுக்கும் நடுவில். முனைகள் மாறினால் நடுப்புள்ளிக்கு எதுவும் வராது, டிரான்சிஸ்டருக்கு அடி விழாது. ஆனால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வாயைத் திறக்கும். இப்போது அதிக வோல்டேஜை நேரில் வாங்குவது போலாரிட்டி மாஸ்ஃபெட்தான். அதன் கேட் 0 வோல்ட்டில் இருக்க, சோர்ஸ் 25-க்குப் போனால் இடைவெளி 25 வோல்ட், அந்த மாஸ்ஃபெட்டின் கேட் தாங்குவது 20. ஆகவே கேட்-சோர்ஸுக்கு இடையில் ஒரு 12 வோல்ட் ஜீனர் கட்டாயம். முன்பு மிச்சம் பிடித்த அந்த ஒரு பாகம் கடைசியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

17.3-ல் மாஸ்ஃபெட் வெந்ததற்கும் ஏதாவது செய்ய வேண்டும். பெருக்கம் சரியானதும் அந்தத் தயக்கப் பகுதி குறுகிவிட்டது, ஆனாலும் இல்லாமல் போகவில்லை. லோடு பக்கத்திலிருந்து டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு 220 கிலோ ஓம் கொடுத்தேன். வெளி வோல்டேஜ் சரியத் தொடங்கினால் அது பேஸை இன்னும் கீழே இழுக்கும், சரிவு சட்டென்று முடியும். திரும்ப ஆன் ஆக அரை வோல்ட் இறங்க வேண்டும், 15.1 வாக்கில் வந்தது. இன்னும் அழுத்தமாக இருக்கட்டும் என்று 100 கிலோ ஓம் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சர்க்யூட் ஆன் ஆகவே மறுத்தது. வெளியே 0 வோல்ட் இருக்கிறதே, அதனால் தொடக்கத்திலேயே டிரான்சிஸ்டர் பிடித்துக்கொண்டது. கணக்குப்படி 7 வோல்ட் சொச்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது விடும். பத்து நிமிடம் முழித்த பிறகே புரிந்தது. 220-க்கே திரும்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் இரண்டு வரிசையிலும் மாறவில்லை. லோடு பக்கம் பெரிய கெப்பாசிட்டர் சார்ஜோடு இருக்கும்போதே முனைகளை மாற்றினால், கேட் 0-விலும் சோர்ஸ் பாசிட்டிவிலும் இருப்பதால் போலாரிட்டி மாஸ்ஃபெட் கெப்பாசிட்டர் காலியாகும்வரை ஆனிலேயே இருக்கும். ஒரு பொறி பறக்கும். என் பயன்பாட்டில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. வெளிப்பக்கம் பேட்டரியே இருக்கும் இடத்தில், சார்ஜர் மாதிரி, இந்த அமைப்பைப் போடவே கூடாது.

ஏற்கெனவே வெளியே போன போர்டுகளில் தடங்களை வெட்டி வரிசை மாற்றுவது நடக்காத காரியம். அவற்றுக்கு எமிட்டரில் ஒரு 1என்4148 டையோடு, அம்பு எமிட்டரைப் பார்க்க. முனை மாறினால் அது தடுத்துவிடும். அதனால் துண்டிக்கும் வோல்டேஜ் 0.6 ஏறிவிடும். இந்த ஜீனர் வரிசையில் 15-க்கு அடுத்துக் கீழே கிடைப்பது 13 வோல்ட், அதை மட்டும் போட்டால் 14.2-ல் துண்டிக்கும், சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு அது ஆகாது. ஜீனரோடு தொடராக இன்னும் இரண்டு 1என்4148-ஐ நேர்த்திசையில் சேர்த்தேன். 15.3. எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது: சூட்டில் ஜீனர் ஏறுவதை இந்த டையோடுகள் இறங்கி ஈடுகட்டுகின்றன, ஹேர் டிரையரைக் காட்டினாலும் எண் அவ்வளவாக நகரவில்லை. பேஸ் பக்க ரெசிஸ்டர்கள் இரண்டையும் இதிலும் மாற்றினேன், அது இல்லாமல் மற்றது வீண்.

சோதனை இப்போது இப்படி: துண்டிக்கும் வோல்டேஜை அளப்பேன், முனைகளை மாற்றி இரவு முழுக்க விடுவேன், காலையில் அதே வோல்டேஜைத் திரும்ப அளப்பேன். திருத்திய போர்டில் முதல் நாள் 15.62, மறுநாள் 15.62.

இதே சர்க்யூட்டோடு வெளியே இருந்த மற்ற நான்கையும் வரவழைத்தேன். மூன்று 15.6-ஐ ஒட்டியே இருந்தன. நான்காவது 16.3-ல் துண்டித்தது. அதன் சொந்தக்காரரிடம் கேட்டேன். ஒயரை மாற்றிக் கொடுத்ததே இல்லை என்று அடித்துச் சொன்னார். 100 கிலோ ஓமின் குறுக்கே 1.1 வோல்ட் இருந்தது.